பாண்டிமீனாவின் இடதுகாலும் கருப்பசாமி கோயில் மணியும்

14 செப்டம்பர் 2025, ஞாயிறு

இந்த நோட்டில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். கருப்பசாமி சத்தியமாகச் சொல்கிறேன், ஓர் ஆள்கூட நம்பமாட்டான். சிவபாண்டி சவுண்ட் சர்வீஸின் ஏக உரிமையாளரும், மேற்கு மதுரைச் சமவெளியின் ஈடு இணையற்ற கால்பந்து வர்ணனையாளரும், இரண்டு ஆம்ப்ளிஃபயர், எட்டுக் குழாய் ஸ்பீக்கர், ஒரு மனைவி ஆகியோருக்கு அதிபதியுமான நான், என் தங்கச்சி மகள் பாண்டிமீனாவின் வீர சரித்திரத்தை இன்று தொடங்குகிறேன்.

இது இரண்டாவது நோட்டு. முதல் நோட்டைப் பறிமுதல் செய்துவிட்டார்கள்.

மீனாவுக்கு மார்ச் மாதம் வலது முட்டியில் ஆபரேஷன். கொல்கத்தா கிளப்புக்கு நாலு வருடமாக இடது விங்கில் ஆடிக்கொண்டிருந்தவள். ஓடிக்கொண்டே திரும்பும்போது உள்ளே லிகமெண்ட் அறுந்துவிட்டது. ஒருத்தரும் மோதவில்லை. தானாகத் திரும்பினாள், தானாக விழுந்தாள். ஆறு மாதமாகக் கீழக்குயில்குடியில் அம்மா வீட்டில் பயிற்சி. பிசியோ பிரியம்வதா மேடம் தினசரிப் பயிற்சியைக் குறித்துவைக்க ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார். எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். நேற்று கிளினிக்கில் அதைப் பிரித்துப் படித்தார்.

"சார், ஒரு நாளைக்கு நாலாயிரம் ஸ்குவாட்னு எழுதியிருக்கீங்க."

"ஒரு பத்து இருபது முன்னப்பின்ன இருக்கும் மேடம்."

"நான் நாப்பதுதான் பண்ணச் சொன்னேன்."

மீனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். இனிமேல் அந்த நோட்டில் அவளே எழுதுவாளாம். எழுதட்டும். அதில் எண்கள் இருக்கும், இதில் காவியம் இருக்கும்.

17 செப்டம்பர்

காவியம் என்றால் ஆதியிலிருந்து வரவேண்டும்.

மீனாவுக்கு ஒன்பது வயது. சமணர் மலையடிவாரத்தில் தாமரைக் குளத்தின் இந்தக் கரையில் நிற்கிறாள். அந்தக் கரையில் கருப்பசாமி கோயில். நடுவில் ஆயிரம் வருடத்து ஆலமரம். பந்தை வைத்தாள். வலதுகாலால் உதைத்தால் மலை நகர்ந்துவிடும், மேலே சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கை விரிசல் விடும், சர்க்கார் கேஸ் போடும் என்று யோசித்தாள். பெரிய மனது பண்ணி இடதுகாலால் உதைத்தாள். பந்து குளத்தைத் தாண்டி, ஆலமரத்தைத் தாண்டி, வழியில் ஒரு கொக்கை உரசி அதனிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டு போய், கோயில் மணியில் பட்டது. டங்! பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஊர் மொத்தமும் தலைக்குக் குளித்து ஓடி வந்தது.

பதினாலு வருடமாகக் காதுகுத்து, கிடாவெட்டு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றிலும் இதைச் சொல்லிவருகிறேன். மைக் டெஸ்ட் பண்ண ஒன், டூ, த்ரீ சொல்பவன் சாதாரண ஆள். நான் இந்தக் கதையைச் சொல்வேன். ஜனங்கள் சிரிப்பார்கள். ஸ்பீக்கர் சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

1 அக்டோபர், ஆயுத பூசை

ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சந்தனம், குங்குமம். பூசையைத் தங்கச்சி வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். போய்ப் பார்த்தால், அரிவாள், மண்வெட்டி, மாப்பிள்ளையின் டிராக்டர் சாவி எல்லாவற்றுக்கும் நடுவில் மீனாவின் பூட்ஸ். அதற்கும் பொட்டு. வைத்தது யார்? என் தங்கச்சி தாமரைச்செல்வி!

மீனா பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் சீர் கொண்டுபோனேன். நூற்றியொரு தட்டு. (மனைவி கனகலட்சுமி எட்டிப் பார்த்துத் திருத்துகிறாள், இருபத்தியொன்று.) கொட்டுமேளத்தோடு தட்டுகளைச் சபையில் இறக்கினோம். பட்டுப்பாவாடை, வெள்ளிக்கொலுசு, பழம், பூ என்று வரிசையாக வந்து, கடைசித் தட்டில் துணியை விலக்கினால் கால்பந்து பூட்ஸ், நாலாம் நம்பர் சைஸ். கொட்டு நின்றுவிட்டது. தாமரை முகம் சிவந்துபோய், "ஏண்ணே, சபையில கொண்டாந்து செருப்ப வக்கிறியே, ஒனக்குக் கிறுக்கா?" என்றாள்.

"செருப்பில்லத்தா. ஆயுதம்."

மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. அந்தப் பூட்ஸில்தான் மீனா ஜில்லா ஆட்டம் ஆடினாள். அடுத்த பூட்ஸில் மாநிலம். அதற்கடுத்ததில் ஜூனியர் இந்தியா முகாம். பத்தொன்பது வயதில் கொல்கத்தா கிளப்பில் கையெழுத்து.

இன்று தாமரையிடம் கேட்டேன், "என்ன தாமரை, பூசையில செருப்பு?"

"ஆயுதம்னு நீதானண்ணே சொன்ன" என்றாள், தேங்காய் உடைத்துக்கொண்டே.

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சாம்பிராணிப் புகை.

19 அக்டோபர்

ஓடினாள். நேராக, நிற்காமல் இருபத்தைந்து நிமிடம். (பதினெட்டு.)

5 நவம்பர், புதன்

ஓடுவதெல்லாம் சரி. இன்று வேறொன்றைப் பார்த்தேன்.

காலையில் நாகமலை புதுக்கோட்டை மைதானத்தில் திரும்பும் பயிற்சி. ஓடி வந்து, வலதுகாலை ஊன்றி, சட்டென்று உள்ளே திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஊன்றுவதற்கு முன்னால் குட்டிக் குட்டியாக இரண்டு எட்டு எடுத்து வைக்கிறாள். வேறு யாருக்கும் தெரியாது. பதினாலு வருடமாக அந்தக் கால்களை மட்டும் பார்ப்பவனுக்குத் தெரியும்.

ஜனங்கள் அவள் இடதுகாலைத்தான் புகழ்வார்கள். நானும்தான். ஆனால் இடதுகால் உதைக்கும்போது உடம்பு மொத்தமும் நிற்பது வலதுகாலில். ஓரமாக ஓடி வந்து பந்தை கோல் முன்னால் தூக்கிப் போடும் கிராஸ்தான் அவள் பிழைப்பே. எட்டு மாதமாக ஒரு கிராஸ்கூட அவள் போடவில்லை. போடச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

மேடத்திடம் தனியாகக் கேட்டேன். "முட்டி நல்லா கூடிடுச்சு சார். அவதான் இன்னும் அத நம்பல" என்றார்.

டிசம்பர் பதினைந்து கொல்கத்தாவில் கிளப்பின் டெஸ்ட். தேறினால் ஒப்பந்தம் நீளும். தேறாவிட்டால், இருபத்துமூன்று வயதில் முன்னாள் வீராங்கனை. இதை ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. மற்ற கிளப்புகளும் ஒரு வருடம் ஜெயித்துப் பார்க்கட்டும் என்று மீனா லீவு எடுத்திருப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

சமயநல்லூரில் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி, வர்ணனை அடியேன். நடத்துகிறவன் ராம்கி. வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒங்க தங்கச்சி மகளுக்குக் கால் போச்சாம்ல? இனி ஆட்டம் அம்புட்டுத்தானாம்ல?"

"எவன்டா சொன்னான்?"

"ஊருக்குள்ள பேசிக்கிறாக."

எனக்குள் என்னவோ பற்றிக்கொண்டது. கையில் மைக். அது ஆன் ஆகித்தான் இருந்தது. "பெருமக்களே! வருகிற ஞாயிறு, இறுதிப் போட்டிக்கு முன்னால், இதே மைதானத்தில், இந்தியாவின் இடி மின்னல் இடதுகால் பாண்டிமீனா களம் இறங்குகிறார்! எதிரே ஏழு ஆம்பளைகள்! பத்தே நிமிடம்! துணிவுள்ளவன் வரலாம்!"

விசில் பறந்தது. ஒரு மணி நேரம் நான் ராஜா. அதற்குப் பிறகுதான் மீனாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உறைத்தது.

11 நவம்பர்

ராம்கி ஃப்ளெக்ஸ் அடித்துவிட்டான். சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பில் ஒன்று, எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் ஒன்று. மீனா பந்தோடு. பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட நான், அவளைவிட ஒரு மடங்கு பெரிதாக. அந்தப் படத்தை அனுப்பிவைத்தவனும் நான்தான். சத்தியமாகக் கை தானாகவே அனுப்பியது.

மீனா கிளினிக் போய்விட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கே தைரியம் இல்லாதப்ப ஒனக்கு எங்கருந்து மாமா வந்துச்சு?"

"ஏத்தா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"ஆடுறேன்."

"என்னது?"

"ஊரெல்லாம் ஒட்டியாச்சு. ஆடலன்னா கால் போச்சுன்னுதான பேசுவாக? பத்து நிமிசந்தான. ஆடிர்றேன்."

என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

12 நவம்பர்

மேடத்துக்குப் போன் பண்ணினேன். அவர் கோபப்பட்டு நான் கேட்டது இதுவே முதல் முறை. "இன்னும் மோதுற ஆட்டத்துக்கு நான் அனுமதியே கொடுக்கல சார். மேடு பள்ளமான தரை, ஏழு ஆம்பளைங்க. ஒரே ஒரு மோதல் போதும். டிசம்பர் பதினஞ்ச மறந்துடுங்க."

மீனாவிடம் சொன்னேன். "தெரியும்" என்றாள். பூட்ஸுக்குக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தாள்.

தாமரை என்னைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

16 நவம்பர், ஞாயிறு

ஆயிரம் பேர் இருக்கும். (இதைக் குறைக்க மாட்டேன். நிஜமாகவே ஆயிரம்.)

மீனா ஓரத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ராம்கி எனக்குக் கை காட்டினான். மைக்கைப் பிடித்தேன்.

"பெருமக்களே, போன வாரம் நான் சொன்னது பொய். பாண்டிமீனாவுக்கு முட்டியில ஆபரேசன் ஆகி எட்டு மாசந்தான் ஆகுது. இன்னைக்கு ஆடக்கூடாது. தப்பு என்மேலதான். மன்னிச்சுக்கங்க."

மைதானம் முழுக்கச் சிரிப்பு.

"மாமா, பில்டப்பு போதும், பிள்ளைய எறக்கு!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நெசமாத்தான் சொல்றேன்யா."

இன்னும் பெரிய சிரிப்பு. "கருப்பசாமி சத்தியமா!" என்றேன். அதற்குக் கைதட்டினார்கள். கருப்பசாமி சத்தியம் இல்லாமல் என் கதை ஒன்றும் முடியாது என்று இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில், ஆயிரம் பேர் நடுவில், எட்டு ஸ்பீக்கரில், ஒரு உண்மையைச் சொல்ல முடியாமல் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து, "நடிப்பப் பாரு!" என்றான் ஒருவன்.

அப்போது மைக்கை யாரோ என் கையிலிருந்து எடுத்தார்கள். மீனா. டிராக் பேண்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் அந்தத் தழும்பைப் பார்த்ததும் சிரிப்பு அங்கிருந்து ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே போனது.

"மாமா சொன்னது நெசந்தான். நான் ஆடணும்னுதான் வந்தேன். மாமா எம்புட்டோ பொய் சொல்லிருக்கு, இப்பிடி அழுது நான் பாத்ததில்ல. அதனால ஆடல. அடுத்த மாசம் எனக்கு டெஸ்ட் இருக்கு. பாஸானா ஆட்டம். இல்லன்னா இல்ல. அம்புட்டுத்தான்."

ராம்கிதான் முதலில் எழுந்து நின்று தட்டினான். அப்புறம் எல்லோரும். பந்தைத் தொட்டு இறுதிப் போட்டியைத் தொடங்கியாவது வைக்கச் சொல்லி அவளை நடுவில் கூட்டிப்போனார்கள். மீனா பந்தைத் தள்ளினாள். கைதட்டல் வானம் வரை போனது.

வலதுகாலால் தள்ளினாள். உள்பக்கமாக, மெதுவாக. இடதுகாலால் உதைத்தால் வலதில் நிற்கவேண்டுமே. நான் மட்டும் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

17 நவம்பர்

டீயை வைத்துவிட்டு மீனா கேட்டாள், "மாமா, அந்த மணி கதையாச்சும் நெசமா?"

வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன்? "நெசமாவா? அந்தக் கொக்கு இன்னும் நம்ம மேல கேஸ் நடத்துதே!" என்றேன். பழக்கதோஷம். அவள் சிரிக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

24 நவம்பர்

ஃப்ளெக்ஸை ராம்கி அவிழ்த்துக் கொண்டுவந்து கொடுத்தான். "வச்சுக்கங்கண்ணே, பாஸானதும் திரும்பக் கட்டுவோம்." என் மூஞ்சி இருந்த பக்கத்தை வெட்டித் தங்கச்சி மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டுவிட்டாள். நியாயம்தான்.

6 டிசம்பர், சனி

ஒன்பது நாள் இருக்கிறது. கிராஸ் ஒன்றுகூட இல்லை.

இன்று சாயங்காலம் அவள் ஐஸ்கட்டியை முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஜோடனை எதுவும் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். எனக்கே என் குரல் வேற்று ஆள் குரல் மாதிரி இருந்தது.

"மீனா, அன்னைக்குக் குளத்தங்கரையில நீ எடதுகால்ல ஒதச்சது ஏன் தெரியுமா? ஒன் வலதுகால் பெருவிரல்ல கருவேல முள்ளு ஏறியிருந்துச்சு. அதால ஒதைக்க முடியல. குதிங்கால்ல நின்னுக்கிட்டு எடதால ஒதச்ச. அதுக்கு முன்னாடி நீ எடதுகால்ல பந்தத் தொட்டதே இல்ல."

"முள்ளு புதுசா இருக்கே மாமா. இத்தன வருசத்துல இது வரலயே."

"கதைக்கு நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்த்தா."

சிரித்தாள். நம்பவில்லை. எப்படி நம்புவாள்? என்னை நானே சபித்துக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து தாமரையின் குரல் வந்தது.

"முள்ளு நெசம்டி. ராத்திரி நான்தான் ஊசிய வச்சு எடுத்தேன். மறுநா வெரலு வீங்கிப்போச்சு. நொண்டிக்கிட்டே வெளாடப் போன. அடிச்சேன்."

மீனா அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் வலதுகாலைப் பார்த்தாள். பெருவிரலைத் தடவினாள்.

"அப்ப அன்னைக்கும் வலிச்ச கால்லதான் நின்னனா?"

"ஆமாத்தா."

"அப்ப மணி?"

"அது..."

"வேணாம் மாமா, இப்பச் சொல்லாத. ஆடிட்டுக் கேக்குறேன்."

7 டிசம்பர், ஞாயிறு

காலை ஆறு மணி, மைதானம். அவளாகவே பந்துகளை வரிசையாக வைத்தாள். முதல் பந்துக்கு முன்னால் அதே இரண்டு குட்டி எட்டு. இரண்டாவதற்கும். ஐந்தாவதில் ஒரே எட்டு. எட்டாவதில் ஊன்றினாள், அப்படியே ஊன்றி, இடதுகாலை வீசினாள். பந்து வளைந்து போனது. கோலுக்குச் சம்பந்தமே இல்லாமல் வேலியைத் தாண்டி விழுந்தது. அதைவிட அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை.

மொத்தம் இருபது கிராஸ். பதிமூன்று கண்ட இடத்துக்குப் போனது. ஏழு சரியாக விழுந்தது. எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கனகலட்சுமி இதைப் படித்துவிட்டு, "என்னங்க, ஒடம்புக்குச் சேரலையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

12 டிசம்பர்

ரயில் ஏறிவிட்டாள். பூட்ஸ் பையில் தாமரை விபூதிப் பொட்டலம் வைத்தாள். நான் கையை மட்டும் ஆட்டினேன், ரயில் போனதற்கு அப்புறமும்.

15 டிசம்பர், திங்கள்

மத்தியானம் இரண்டு நாற்பதுக்குச் செய்தி. "பாஸ். சீசன் முடியுற வரைக்கும் கையெழுத்து. அம்மாட்ட சொல்லிரு."

தாமரையிடம் போய்ச் சொன்னேன். "பொய்தான?" என்றாள். போனைக் காட்டினேன்.

18 ஜனவரி 2026, ஞாயிறு

குளத்தங்கரையில் திரை கட்டி, போனிலிருந்து ஆட்டத்தைக் காட்டினேன். ஊரே வந்திருந்தது. ராம்கி சமயநல்லூரிலிருந்து வந்து பாதி ஃப்ளெக்ஸை மறுபடி கட்டினான், மீனா இருக்கும் பாதி. வர்ணனைக்கு மைக் தயார்.

முதல் பாதியில் அவளை இறக்கவில்லை. இரண்டாம் பாதியிலும் நேரம் போய்க்கொண்டே இருந்தது. நான் வாய் ஓயாமல் பேசினேன். எதிரணிக்காரிகள் மீனா வெளியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே பாதி உயிர் போய் நிற்கிறார்கள் என்றேன். எழுபத்தோராவது நிமிடம் ஆள் மாற்றும் பலகை உயர்ந்தது. உள்ளே வந்தாள், இடது ஓரம்.

எண்பத்துநாலாவது நிமிடம். பந்து அவளிடம் வருகிறது. ஒருத்தியைத் தாண்டினாள். கோட்டை ஒட்டியே ஓடுகிறாள். எதிரே இன்னொருத்தி. திரும்பவேண்டும், வலதுகாலை ஊன்ற வேண்டும்.

நான் பேச்சை நிறுத்திவிட்டேன். எட்டு ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை. "மாமா, சொல்லு மாமா!" என்று யாரோ கத்தினார்கள். சொல்லத் தோன்றவில்லை.

ஒரே எட்டில் ஊன்றினாள்.

பந்து பறந்தது. நடுவில் நின்றவள் தலையால் தள்ளினாள். கோல்.

அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. ராம்கி என்னைத் தூக்கினான் என்கிறார்கள். தாமரை யாரையோ கட்டிக்கொண்டு அழுதாள் என்கிறார்கள். அது நான்தானாம்.

19 ஜனவரி, திங்கள்

காலையில் போன்.

"மாமா, கமெண்ட்ரி எப்பிடி?"

"கோல் விழுகையில பேசலத்தா."

"நீயா?"

"ம்."

அவளுக்குப் பின்னால் கொல்கத்தாவின் டிராம் மணியோ சைக்கிள் மணியோ கேட்டது.

"சரி, இப்பச் சொல்லு. மணி அடிச்சுச்சா?"

"அடிச்சுச்சுத்தா."

"சரி மாமா" என்றாள். சிரிக்கவில்லை. வைத்துவிட்டாள்.

போனை வைத்த கையோடு குளத்தங்கரைக்குப் போனேன். இனி எழுதுவதைச் சரியாக எழுதவேண்டும் என்று அடி வைத்து அளந்தேன்.

அன்று அவள் குளத்தின் எதிர்க்கரையில் நிற்கவில்லை. கோயில் பக்கத்துப் படிக்கட்டில்தான் நின்றாள். மணி வரைக்கும் முப்பத்துநாலு எட்டு. நடுவில் ஆலமரம் கிடையாது, அது ஓரமாக நிற்கிறது. கொக்கும் கிடையாது. ஊர் ஓடி வரவில்லை. பூசாரி டீ குடிக்கப் போயிருந்தார். அங்கே இருந்தது நொண்டிக்கொண்டிருந்த ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையும் நானும்தான். பந்து நேராகக்கூடப் போகவில்லை, தரையில் ஒருமுறை குத்தி எழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. உதைத்த வேகத்தில் விரல் வலித்து, உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்த சாட்சி நான் ஒருவன்தான்.

இதற்கு நான் கருப்பசாமி மேல் சத்தியம் பண்ணப்போவதில்லை. அவருக்கே தெரியும், அவர் மணிதானே.

ஒரே ஒரு தடவை, சின்னதாக. ஆனால் மணி அடித்தது.